336 ரூபாய் கூலி 252 ஆனது எப்படி? கண்மாய் வேலையின் அளவுக் கணக்கு

கேள்வி இதுதான்: சிவகங்கை மாவட்டம் கல்லல் ஒன்றியத்தில் ஒரு கிராமம். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். கண்மாயில் மண் வெட்டு. அரசு அறிவித்த கூலி 336 ரூபாய். ஆறு நாள் வேலைக்கு வங்கியில் ஏறியது 1,512 ரூபாய்தான். அதற்கு முந்தைய வாரக் கூலி இன்னும் வரவே இல்லை. யாரைக் கேட்டாலும் "மேலேருந்து வரல" என்கிறார்கள். எங்கே போய் என்ன கேட்பது?

இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் இரண்டுக்குமே பதில் கிடைக்காது. கூலி வராமல் நிற்பதற்குக் காரணம் கணினியிலோ வங்கியிலோ டெல்லியிலோ இருக்கலாம். குறைந்து வந்ததற்குக் காரணம் உங்கள் ஊர்க் கண்மாய்க்குள்ளேயே இருக்கிறது. மேலேயிருந்து முக்கால் கூலி அனுப்பும் வழக்கம் கிடையாது. 252 என்று கீழே எழுதி அனுப்பினால்தான் 252 வரும்.

முதலில் 336 என்பது என்ன என்று பார்ப்போம். 2025-26 நிதியாண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு மத்திய அரசு அறிவித்த கூலி அது. முந்தைய ஆண்டு 319. 2006 பிப்ரவரியில் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதலில் எடுத்த ஆறு மாவட்டங்களில் சிவகங்கையும் ஒன்று. அன்றைக்குக் கூலி 80 ரூபாய். அன்றிலிருந்து இன்றுவரை பலரும் இதை நாள் சம்பளம் என்றே நினைக்கிறார்கள். மண் வேலையில் அது நாள் சம்பளம் இல்லை, அளவுக் கூலி. ஓய்வு ஒரு மணி நேரம் சேர்த்து எட்டு மணி நேரம் உழைக்கும் ஓர் ஆள் முழுக் கூலியையும் எடுக்கும்படி விகிதப் பட்டியல் வகுக்க வேண்டும் என்று நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வகை மண்ணுக்கும் ஒரு கன மீட்டருக்கு இவ்வளவு என்று விலை இருக்கும். வெட்டிய கன அளவை அதால் பெருக்கினால் வருவதுதான் கூலி.

ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்க்கலாம். கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொள்ளும் விலை இது. உங்கள் வேலைக்கான உண்மை விலை மதிப்பீட்டில் இருக்கும், ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால் காட்ட வேண்டும். இறுகிய மண்ணுக்குக் கன மீட்டருக்கு 240 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 336-ஐ 240-ஆல் வகுத்தால் 1.4 கன மீட்டர். ஓர் ஆள் மூன்றரை மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் ஆழம் வெட்டினால் சரியாக 1.4. முழுக் கூலி. அதே குழியில் ஆழம் 15 சென்டிமீட்டர் என்று எழுதினால் 1.05 கன மீட்டர், 252 ரூபாய். குறைந்தது ஐந்து சென்டிமீட்டர், மூன்று விரல் கனம்தான். ஆனால் ஒரு நாளைக்கு 84 ரூபாய் போய்விடும்.

இந்த மூன்று விரல் கனம் எப்படிக் காணாமல் போகிறது? சில சமயம் உண்மையிலேயே வெட்டியிருக்க மாட்டார்கள். குழியின் ஓரத்தில் ஆழமாகவும் நடுவில் மேடாகவும் இருந்தால் சராசரி குறையும். அதனால் நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து இடத்தில் ஆழம் எடுத்துச் சராசரி போடுவதுதான் நியாயம். சில சமயம் வெட்டியது முழுதாக இருந்தும் அளப்பது தாமதமாகும். வியாழக்கிழமை வெட்டியதை அடுத்த செவ்வாய்க்கிழமை அளக்க வருவார்கள். நடுவில் ஒரு கோடை மழை பெய்திருக்கும், குழியின் ஓரம் சரிந்து அடியில் வண்டல் படிந்திருக்கும். டேப் பிடிக்கிறவர் கண்ணால் பார்ப்பதைத்தான் எழுதுவார். இன்னொரு தவறு, கரையில் கொட்டிய மண்ணை அளப்பது. வெட்டிய மண் உப்பும், அதைப் போட்டு மிதித்தால் படியும். அதைக் கொண்டு சண்டை போட முடியாது. அளக்க வேண்டியது பள்ளத்தை. அதற்காகத்தான் குழிகளுக்கு நடுவே பழைய தரைமட்டம் தெரியும்படி ஒரு மண் திட்டை வெட்டாமல் விட்டுவைப்பது. அந்தத் திட்டையும் சேர்த்து வெட்டிவிட்டால் எவ்வளவு ஆழம் போனோம் என்று காட்ட எதுவும் மிஞ்சாது. அளவு எடுத்து முடியும்வரை திட்டின் மேல் யாரும் மம்பட்டி போடக் கூடாது.

ஆழம் சரியாக இருந்தும் கூலி குறையலாம். மண்ணின் வகையைத் தவறாக எழுதினால் அப்படி ஆகும். இறுகிய மண்ணைச் சாதாரண மண் என்று எழுதி, அதற்கு 180 ரூபாய் விலை என்றால், 1.4 கன மீட்டருக்கு அதே 252 ரூபாய்தான் வரும். செட்டிநாட்டுக் கண்மாய்களில் இது அடிக்கடி நடக்கக் காரணம் உண்டு. மேலே ஒரு சாண் வண்டல், அதற்குக் கீழே களி, இன்னும் போனால் சரளையோ செம்பாறையோ வரும். பங்குனி, சித்திரையில் காய்ந்த களியில் மம்பட்டி இறங்காது. கடப்பாரை போட்டுப் பெயர்த்துத்தான் அள்ள வேண்டும். ஆனால் பெயர்த்துக் கொட்டிய பிறகு எல்லா மண்ணும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே மண்ணின் வகையை முதல் நாள் காலையில், வெட்டாத தரையைக் காட்டி, ஓவர்சீயரையோ பணித்தளப் பொறுப்பாளரையோ எழுதச் சொல்வதுதான் சரி. மண்ணைச் சுமக்கும் தூரத்துக்கும் ஏற்றும் உயரத்துக்கும் தனி விலை உண்டு. 'லீடு', 'லிப்ட்' என்று அவர்கள் சொல்வது அதைத்தான். கண்மாயின் நடுவில் வெட்டிக் கரைமேல் கொண்டுபோய்க் கொட்டச் சொல்லிவிட்டு, குழியின் ஓரத்திலேயே கொட்டியதாக எழுதினால், தலைச்சுமையாகத் தூக்கிய உழைப்புக்குக் கூலி இல்லை என்று ஆகிவிடும்.

மூன்றாவது காரணத்தைச் சொல்லக் கிராமத்தில் எல்லோரும் தயங்குவார்கள். சொல்லித்தான் ஆக வேண்டும். குழுவாக வெட்டி, மொத்த அளவை எல்லோருக்கும் பிரிக்கும்போது, என்.எம்.ஆர். என்னும் வருகைப் பட்டியலில் இருக்கும் பெயர்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். இருபது பேர் வெட்டியது 28 கன மீட்டர், 240 விலையில் 6,720 ரூபாய். இருபதால் வகுத்தால் 336. வராத இரண்டு பேரின் பெயரும் அதில் இருந்தால் இருபத்திரண்டால் வகுக்க வேண்டும்; ஆளுக்கு 305 ரூபாய் சொச்சம். வராத இரண்டு பேருக்குப் போகும் பணம் அரசாங்கத்தின் பணம் இல்லை, உங்கள் அம்மாவும் மற்றப் பெண்களும் வெயிலில் வெட்டிய மண்ணின் பணம். "பாவம், பெயர் இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டுக்கொடுக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இன்னொன்றும் உண்டு. புல் செதுக்குவது, கல் பொறுக்குவது, புதர் வெட்டுவது போன்ற அளக்க முடியாத, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலைகளை இந்தத் திட்டத்தில் எடுக்கக் கூடாது என்று அட்டவணையில் இருக்கிறது. நம் கண்மாய்களில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. மண் வெட்டுவதற்கு முன் அதைச் சாய்க்காமல் முடியாது. முதல் இரண்டு நாள் முள் வெட்டவே போய்விடும், ஆனால் அளவுப் புத்தகத்தில் அந்த இரண்டு நாளுக்கு மண் கணக்கு ஏறாது. ஆறு நாள் வருகை, நான்கு நாள் மண் என்றால், கூலி மூன்றில் ஒரு பங்கு குறைந்துதான் வரும். மதிப்பீடு போடும்போதே கருவேலத்தை வேரோடு அகற்றுவதைத் தனி இனமாகச் சேர்க்கக் கேட்க வேண்டும். அடிமரத்தை மட்டும் வெட்டினால் அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும், அதனால் வேரைப் பெயர்ப்பதை எழுதச் சொல்வதில் தவறே இல்லை.

உங்கள் அம்மாவின் வாரத்தில் எது நடந்தது என்று கண்டுபிடிக்க, அந்த வாரத்து என்.எம்.ஆர். எண்ணையும் அளவுப் புத்தகத்தின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அதிகாரிகள் 'எம்.புக்' என்பார்கள். இந்தத் திட்டத்தின் நரேகா இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகப் போய் அம்மாவின் வேலை அட்டை எண்ணைத் தட்டினால் எந்த என்.எம்.ஆரில் எத்தனை நாள், எவ்வளவு கூலி என்று தெரியும். கடவுச்சொல் எதுவும் வேண்டாம், யாரும் பார்க்கலாம். அதே என்.எம்.ஆரில் இருக்கும் எல்லோருக்கும் 252 என்றால் அளவிலோ மண் வகையிலோ பெயர்ப் பட்டியலிலோ கோளாறு. அம்மாவுக்கு மட்டும் குறைந்து மற்றவர்களுக்கு முழுதாக 2,016 வந்திருந்தால், வருகையில் கோளாறு என்று சந்தேகப்பட வேண்டும்.

வருகை இப்போது கைப்பேசிச் செயலியில். 2023 ஜனவரி 1 முதல் கண்மாய் போன்ற பொது வேலைகள் எல்லாவற்றுக்கும் அது கட்டாயம். காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என இரண்டு படம் பதிவாக வேண்டும். கண்மாயின் உள்வாயில் சிக்னல் கிடைக்காது. பொறுப்பாளர் கரைமேல் ஏறி அனுப்பப் பார்ப்பார். இரண்டாவது படம் போகாவிட்டால் அன்றைய வருகை விழாமல் போகும் ஆபத்து உண்டு. அப்படி ஆனால் அன்றே ஒன்றிய அலுவலகத்துக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். விதிவிலக்கான நிலைமையில் வருகையைச் சேர்க்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவைப்படும்; என்.எம்.ஆர். முடிந்த பிறகு அதை யாரும் திறக்க விரும்ப மாட்டார்கள். காலைப் படம் எடுத்ததும் வீட்டுக்கு ஒரு நடை போய்வரும் வழக்கம் சில தளங்களில் உண்டு. பிற்பகல் படத்தில் முகம் இல்லாவிட்டால் பிறகு பேச இடமில்லை.

இனி, வரவே வராத முந்தைய வாரம். பணம் போகும் வழி இப்படி: என்.எம்.ஆர். முடியும், அளவு எழுதப்படும், கூலிப் பட்டியல் போடுவார்கள், நிதி மாற்ற உத்தரவில் இரண்டு பேர் டிஜிட்டல் கையெழுத்துப் போடுவார்கள், பிறகு பணம் மத்திய அரசின் கணக்கிலிருந்து ஆதார் எண்ணைப் பிடித்து வங்கிக்குப் போகும். நிதி மாற்ற உத்தரவு போட்டாயிற்றா என்பது அதே இணையதளத்தில் தெரியும். உத்தரவே போடவில்லை என்றால் தடை ஒன்றியத்தில். "மேலே" என்று யாரும் சொல்லக் கூடாது. உத்தரவு போட்டும் ஏறவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, நிதி இல்லை. 2024 நவம்பர் இறுதிக்குப் பிறகு பல மாதம் தமிழ்நாடு முழுவதும் கூலி நின்றது அதனால்தான். மற்றொன்று ஆதார் இணைப்பு.

2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியில்தான் கூலி. அட்டையில் எழுதியிருக்கும் கணக்கு எண்ணுக்கு அது போகாது. ஆதாருடன் கடைசியாக எந்த வங்கியை இணைத்தீர்களோ அங்கே போகும். மகளிர் குழுக் கடனுக்காக ஒரு கணக்கு, எரிவாயு மானியத்துக்கு ஒன்று, முதியோர் பணத்துக்கு ஒன்று என்று மூன்று புத்தகம் வைத்திருக்கும் பெண்கள் நம் பக்கம் அதிகம். "வரல" என்று அழுகிற கூலி, பெட்டிக்குள் கிடக்கும் இன்னொரு புத்தகத்தில் ஏறியிருக்கும். எல்லாப் புத்தகத்தையும் வரவு போட்டுப் பாருங்கள். பழைய பாண்டியன் கிராம வங்கிப் புத்தகம் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். 2019 ஏப்ரலில் அது தமிழ்நாடு கிராம வங்கியாகிவிட்டது. அங்கும் இல்லை என்றால் வங்கியில் "என்.பி.சி.ஐ. மேப்பிங் எந்த வங்கியில் இருக்கிறது" என்று இந்தச் சொற்களிலேயே கேளுங்கள். "ஆதார் கொடுத்தாச்சா" என்று கேட்டால் "கொடுத்தாச்சு" என்ற பதில்தான் வரும். ஆதார் எண்ணைக் கணக்கில் பதிவது வேறு, பணம் வந்து சேரும்படி இணைப்பது வேறு. பெயர் எழுத்தில் வித்தியாசமும் சிக்கலாகும். அட்டையில் 'அழகம்மை', ஆதாரில் 'அழகம்மாள்' என்று இருந்தால் இயந்திரத்துக்கு அவர்கள் இரண்டு பேர்.

என்.எம்.ஆர். முடிந்த 15 நாளுக்குள் கூலி வந்தாக வேண்டும். பதினாறாவது நாளிலிருந்து, நிலுவைக் கூலியில் நாளுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. 2,016 ரூபாய்க்கு நாளைக்கு ஒரு ரூபாய். தொகை சிறிது, ஆனால் அதைக் கேட்டு மனு கொடுத்தால் தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று கோப்பில் எழுதியாக வேண்டும். அதற்காகவாவது கேளுங்கள்.

மனு யாரிடம்? ஒன்றியத்தில் இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருப்பார்கள். கிராம ஊராட்சிகளுக்கான பி.டி.ஓ.தான் இந்தத் திட்டத்துக்கு உரியவர். புகாரைப் பதிவேட்டில் ஏற்றி ஏழு நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டத்தின் 23ஆம் பிரிவு. "கூலி குறைவாக வந்தது, நடவடிக்கை எடுக்கவும்" என்று பொதுவாக எழுதினால் "விசாரிக்கப்படும்" என்று பொதுவான பதில்தான் வரும். இப்படி எழுதுங்கள்: இந்த அட்டை எண், இந்த என்.எம்.ஆர். எண், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை ஆறு நாள் வேலை, ஏறியது 1,512, எங்கள் குழு வெட்டியதாக அளவுப் புத்தகத்தில் எழுதிய நீளம், அகலம், ஆழம், மண்ணின் வகை, லீடு, லிப்ட், அளந்த தேதி ஆகியவற்றின் நகல் வேண்டும். ஒரே ஆள் போவதைவிட அதே என்.எம்.ஆரில் உள்ள பத்துப் பேர் கையெழுத்துப் போடுவது நல்லது. ஒருவரை அடுத்த வாரம் பட்டியலிலிருந்து விடுவது எளிது, பத்துப் பேரை விட முடியாது. முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்ப வராதீர்கள். ஏழு நாளில் பதில் இல்லை என்றால் மாவட்டக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். சமூகத் தணிக்கைக்கு ஆட்கள் ஊருக்கு வரும் வாரத்தில் வீட்டில் இருந்து இந்தத் தாள்களைக் காட்டுங்கள்.

பட்டியலிலிருந்து விட்டுவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. அதற்குச் சட்டத்தில் இருக்கும் மருந்து, வேலை கேட்டு விண்ணப்பம் கொடுத்துத் தேதியிட்ட ரசீது வாங்குவது. குறைந்தது 14 நாள் தொடர்ச்சியாக வேலை வேண்டும் என்று எழுத வேண்டும். 15 நாளில் வேலை தராவிட்டால் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, அதற்குமேல் பாதி என்று வேலையில்லாப் படி தர வேண்டும். அது மாநில அரசின் கையிலிருந்து போகும் பணம். ரசீது இல்லாதவர் வேலை கேட்டதாகவே கணக்கில் இல்லை. ரசீது தரத் தயங்குவது அதனால்தான். நூறு நாள் என்பது ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு. ஏப்ரல் முதல் மார்ச் வரை. திருமணமாகித் தனிக்குடித்தனம் போன மகனும் மருமகளும் அப்பாவின் அட்டையிலேயே இருந்தால் நூறு நாளை மூன்று பேர் பங்குபோட வேண்டியிருக்கும். தனி அட்டை கேளுங்கள், கட்டணம் கிடையாது.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் போன்ற பேரூராட்சிகளில் இந்தத் திட்டம் இல்லை; கிராம ஊராட்சிகளுக்கு மட்டும்தான். 2024இல் காரைக்குடி மாநகராட்சியானபோது அதில் சேர்ந்த சங்கராபுரம் போன்ற ஊராட்சிகளின் மக்களும் இதனால்தான் வேலையை இழக்கும் நிலைக்கு வந்தார்கள். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 125 நாள் வேலைக்கான புதிய சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்தவும், செலவில் 40 சதவீதத்தை மாநிலம் ஏற்கவும் அதில் வழி இருக்கிறது. நான் மேலே சொன்னது 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடந்த வேலைக்கான கணக்கு.

இவ்வளவு கணக்கும் எந்த வேலையை எடுக்கிறோம் என்பதோடு சேர்ந்தது. ஆண்டுதோறும் கண்மாயின் நடுவில் ஆளுக்கொரு குழி வெட்டினால் அளவும் தகராறு, கண்மாய்க்கும் பயன் குறைவு. குழிகளில் நிற்கும் தண்ணீர் மடைக்கு ஏறாது. கரையின் அடியை ஒட்டி வெட்டினால் கரையே பலமிழக்கும். நம் பக்கம் ஆறு வற்றாமல் ஓடுகிற சீமை இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை மேட்டிலிருந்து வரத்துக்கால் வழியாக வந்து சேர்ந்தால்தான் கண்மாயும் ஊருணியும் நிறையும். அந்தக் கால் தூர்ந்து கிடந்தால் கண்மாயை எவ்வளவு தோண்டினாலும் வெறும் பள்ளம்தான். வரத்துக்கால் வேலையில் அளவு எடுப்பதும் எளிது: மேல் அகலம், அடி அகலம், ஆழம், நீளம். கயிறு பிடித்து ஆளுக்கு இத்தனை மீட்டர் என்று பிரித்துவிடலாம், யார் எவ்வளவு வெட்டினார் என்பதில் சந்தேகம் வராது. ஆனால் ஆழத்தை ஆள் இஷ்டத்துக்கு விடக் கூடாது. மேல்முனையில் ஆழமாகவும் கண்மாய் வாயில் மேடாகவும் வெட்டினால் தண்ணீர் நடுவழியில் நின்றுவிடும். மட்டம் பார்த்து முளை அடித்த பிறகே மம்பட்டி போட வேண்டும். வெட்டிய மண்ணைத் தண்ணீர் வந்து இறங்கும் மேட்டுப் பக்கத்தில் கொட்டினால் அதுவே தடுப்பணை ஆகிவிடும். பள்ளப் பக்கத்தில், கால் ஓரத்திலிருந்து தள்ளிக் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே திரும்ப உள்ளே இறங்கும். ஊருணியில் எச்சரிக்கை இன்னும் அதிகம் தேவை. அடியில் களி இருப்பதால்தான் தண்ணீர் நிற்கிறது. கூலிக் கணக்குக்காகக் களியைத் தாண்டிச் சரளைவரை வெட்டிவிட்டால் மாசிக்கே ஊருணி வற்றும்.

ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைந்த கண்மாய் ஒன்றியத்தைச் சேர்ந்தது, அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. துறைக் கண்மாய் என்றால் அவர்களின் தடையின்மைக் கடிதம் இல்லாமல் வேலை தொடங்காது. அடுத்த ஆண்டுக்கான வேலைகளை அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானிப்பார்கள். அதற்கு முன்பே உங்கள் ஊர் வரத்துக்காலின் புல எண்ணையும், எங்கிருந்து எங்கே, எத்தனை மீட்டர், எங்கெங்கே ஆக்கிரமிப்பு என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலையை முடிந்தால் மாசியிலேயே, களி முழுதாக இறுகுவதற்கு முன் தொடங்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சபையில் வாயால் சொல்வதோடு விடாமல், அந்த வரத்துக்காலின் பெயர் தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று அன்றே பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.